[கலைச்சொல்] ஹவானா சுருட்டின் ‘தீரோ’: இழுப்பா, இழுவையா, வரத்தா?

வ.சா. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

உணவக மேலாண்மை மாணவர்களுக்கான பாடநூலில் ஹவானா சுருட்டைச் சுவைத்து மதிப்பிடும் அத்தியாயம் என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கியூபச் சுருட்டாலைகளில் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் உண்டு, ஸ்பானியத்தில் ‘கத்தாதோர்’ என்பார்கள். தீரோ, எரிவு, வலிமை, மணம், சுவை ஆகியவற்றை வைத்துத்தான் அவர்கள் சுருட்டை எடைபோடுகிறார்கள். மற்ற நான்கையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். தீரோவில் நிற்கிறேன். வாயில் வைத்து உறிஞ்சும்போது சுருட்டின் உடல் வழியே புகை எவ்வளவு தாராளமாக வருகிறது என்பதுதான் தீரோ. ‘இழுப்பு’ என்று எழுதினேன். மெய்ப்புத் திருத்துபவர், “இழுப்பு என்றால் வலிப்பு, மூச்சிரைப்பு. ‘இழுப்பு நன்றாக உள்ளது’ என்று மாணவர் எழுதலாமா?” என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி.

வலிமைக்குக் ‘காரம்’ என்று போட்டிருக்கிறேன். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

க.மு. எழுதியது:

அன்புள்ள வ.சா.,

இழுவை. வேறெங்கும் அலைய வேண்டாம். பார் பார்வை ஆயிற்று, போர் போர்வை ஆயிற்று, கோ கோவை ஆயிற்று. இழு இழுவை ஆகிறது. தொழிற்பெயர் விகுதிகளை அடுக்கும்போது நன்னூலார் ‘வை’யையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

சுருட்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரி, சுருங்கு, சுருள், சுருணை, சுருட்டு எல்லாம் ஒரே குடும்பம். போர்த்துகீசியர் நம்மிடமிருந்து இதை வாங்கிச் ‘சருத்து’ ஆக்கிக்கொண்டார்கள். லிஸ்பனிலும் பிரேசிலிலும் ஹவானா சுருட்டுக்கு இன்றும் அதுதான் பெயர். ஆங்கிலத்தின் ‘செரூட்’டும் நம் சொல்தான். ஸ்பானியர்தாம் ‘பூரோ’ என்கிறார்கள். தூயது என்று பொருள்: தாளோ வேறு எதுவுமோ கலவாமல் முழுக்கப் புகையிலையால் ஆனது. பொருளின் பெயரை உலகுக்குக் கொடுத்த மொழி, அதை இழுக்கும் வினைக்குப் பெயரில்லாமல் ஆங்கிலத்தின் ‘டிரா’வையே எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

தெ.ந. எழுதியது:

> இழுவை. வேறெங்கும் அலைய வேண்டாம்.

ஐயா, இழுவையை இயற்பியல் பாடநூல் முன்பே எடுத்துக்கொண்டது. பழுதான லாரியைக் கட்டி இழுக்கும் வண்டிக்கும் அதே பெயர். அதைக்கூட விட்டுவிடலாம். என் மறுப்பு வேறு.

இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஆள் செய்வது ஒன்று, சுருட்டில் இருப்பது இன்னொன்று. “நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுக்காதே” என்றால் அது ஆளின் செயல். தீரோ சுருட்டின் குணம். சுற்றும் மேசையிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. உள்ளிலைகளை விசிறிபோல் மடித்து, இடையில் காற்றோடும்படி அடுக்கி, கட்டிலையில் சுற்ற வேண்டும். ஓர் இலை குறுக்கே முறுக்கிக்கொண்டாலும், பிடி சற்று அதிகமானாலும் அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். ஹவானா ஆலைகளில் மேலிலை போர்த்துவதற்கு முன்பே இந்த உள்கட்டைக் கருவியில் பொருத்திக் காற்றை உறிஞ்சவிட்டுப் பார்க்கிறார்கள். தேறாதது திரும்பப் போகும். அங்கே புகைப்பவர் யாருமில்லை, நெருப்பும் இல்லை. தீரோ மட்டும் இருக்கிறது.

வாங்கியவரும் நெருப்பில்லாமலே சோதிக்கலாம். சுருட்டின் தலையில், அதாவது வாயில் வைக்கும் முனையில், ஒட்டியிருக்கும் இலைத் தொப்பியின் விளிம்பு உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தொடாமல், உச்சியிலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. மட்டும் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் மேலிலைக்குப் பிடிமானம் போய், பாதி தூரத்தில் சுருட்டு கையிலேயே அவிழும். வெட்டியபின் வெறும் காற்றை இழுத்துப் பார்த்தால் தீரோவும் தெரியும், பச்சைப் புகையிலையின் மணமும் நாக்குக்குத் தெரியும்.

அடைத்த சுருட்டில் புகை போதாமல் அடிக்கடி இழுப்போம், தலை எச்சிலில் ஊறும், கங்கு அணையும், திரும்பத் திரும்பப் பற்றவைத்ததில் கசக்கும். தளர்ந்த சுருட்டில் காற்று மிகுந்து கங்கு சூடேறும், நாக்கு எரியும், முக்கால் மணி நேரம் நிற்க வேண்டிய ரோபுஸ்தோ (குட்டையான, தடித்த சுருட்டு வகை) அரை மணியில் தீர்ந்துவிடும். இரண்டுமே சுவை மதிப்பெண்ணைக் கெடுக்கும். அதனால்தான் மதிப்பீட்டுத் தாளில் தீரோ முதலில் வருகிறது.

மாணவருக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். சுருட்டை 16 முதல் 18 பாகை வெப்பத்திலும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்வார்கள். ஈரம் அதற்கு மேல் ஏறினால் இலை உப்பி, அடைத்த சுருட்டைப் போலவே நடந்துகொள்ளும். சில வாரம் 62, 65 என்று குறைத்து வைத்தால் அது திறந்துகொள்ளும். முறுக்கினால் வந்த அடைப்பு எத்தனை மாதம் வைத்தாலும் திறக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் சுற்றியவர் தலையில் பழியைப் போடக் கூடாது.

என் பரிந்துரை ‘புகைவரத்து’, சுருக்கமாக ‘வரத்து’. அணைக்கு நீர்வரத்து என்று நாள்தோறும் செய்தியில் கேட்கிறோம். வரத்து நன்று, வரத்து இறுக்கம், வரத்து தளர்வு, வரத்து அடைப்பு என்று தாளில் நான்கு கட்டமாகவே போட்டுவிடலாம்.

வலிமைக்குக் காரம் வேண்டாம். மிளகு கடித்தாற்போல மூக்கில் ஏறுவது காரம்; அது சுவைப் பிரிவில் வரும். தலை சுற்றவைத்து வயிற்றைப் புரட்டுவது காட்டம். நம் ஊரில் புகையிலை போடுகிறவர்கள் சொல்லும் சொல்தான். காரம் துளியும் இல்லாத, ஆனால் காட்டம் மிகுந்த சுருட்டு உண்டு.

பூ.ம. எழுதியது:

வகுப்பெடுப்பவளாகச் சொல்கிறேன், வரத்துக்கு என் ஆதரவு. இழுவையைக் கரும்பலகையில் எழுதினால் நான் விளக்க வேண்டும். வரத்தை விளக்க வேண்டியதில்லை.

வ.சா., வரைவு முழுவதையும் படித்தேன். தீரோவைவிடப் பெரிய பிழை ஒன்று உள்ளே இருக்கிறது. லிஹேரோ என்ற உள்ளிலை வகையை ‘இலேசிலை’ என்று ஆக்கியிருக்கிறீர்கள். ஸ்பானியச் சொல்லுக்கு அகராதிப் பொருள் அதுதான். ஆனால் உள்ளிலைகளில் மிகக் காட்டமானதே லிஹேரோ! செடியின் மேற்புறத்தில் வெயிலை நிறைய வாங்கித் தடித்து, எண்ணெய்ப் பசையோடு வருவது. மெதுவாக எரியும் என்பதால் கட்டின் நடுவில் வைப்பார்கள். ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் எரிவு பின்தங்கிக் கோணிக்கொள்ளும். நடுச்செடியின் செக்கோ மணத்துக்கு. அடிச்செடியின் போலாதோவுக்குச் சுவை குறைவு, ஆனால் நன்றாகப் பற்றும், அதனால் எரிவுக்கு. சொல்லைப் பெயர்க்காமல் செடியில் இலை இருக்கும் இடத்தைப் பெயர்த்துவிடுங்கள்: நுனியிலை, நடுவிலை, அடியிலை. 2010இல் வந்த கொயீபா பெயிக்கே என்ற சுருட்டில் சேரும் மெதியோ தியெம்போ இலை இன்னும் மேலே, உச்சியில், சில செடிகளில் மட்டும் கிடைப்பது. அதற்கு உச்சியிலை. தெ.ந. போகிறபோக்கில் சொன்ன மேலிலை, கட்டிலை, உள்ளிலை மூன்றும் காப்பா, கப்போத்தே, திரிப்பாவுக்கு அழகாகப் பொருந்துகின்றன, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

புகையை வாயில் வைத்திருந்து, அதில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விடுவதற்குப் பெயர் காணோம். மணத்தில் பாதி அங்கேதான் தெரிகிறது. மோத்தல் என்ற வினையிலிருந்து ‘உள்மோப்பு’ எனலாமா?

ஞா. எழுதியது:

அன்பின் நண்பர்களுக்கு,

எங்கட பக்கம் அடைத்த சுருட்டை “இழுபடுதில்லை” எண்டுதான் சொல்லுவம். ஆள் இழுக்கிறார், சுருட்டு இழுபடுகுது. தெ.ந. கேட்ட வேறுபாடு வினையிலேயே கிடக்குது. படு பாடு ஆகும்: புறப்படு புறப்பாடு, வெளிப்படு வெளிப்பாடு. அப்ப ‘இழுபாடு’. க.மு. ஐயாவின் இழு என்ற வேரும் நிற்கும், செயப்பாட்டுப் பொருளும் கிடைக்கும். வரத்தில் புகை வருவது தெரியுது, ஆனால் ஆரோ ஒருவர் இழுத்தால்தான் வரும் என்பது தெரியேல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு செய்தி. 1865இல் ஹவானாவின் எல் ஃபீகாரோ ஆலையில், சுற்றுபவர்கள் வேலை செய்யும்போது ஒருவர் உயரத்தில் இருந்து செய்தித்தாளும் கதைகளும் உரத்து வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. அவருக்குக் கூலி கொடுத்தது தொழிலாளிகள்தான். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுற்றினார்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது சும்மா கிடக்கும். அதுதான் இரண்டு இடத்திலும் காரணம் எண்டு நினைக்கிறன். அந்த வாசகருக்கும் பாடநூலில் ஒரு பத்தி கொடுக்க வேணும்.

க.மு. எழுதியது:

> அங்கே புகைப்பவர் யாருமில்லை

கருவி இழுக்கிறதே! இழுப்பது மனிதனாக இருந்தால் என்ன, கருவியாக இருந்தால் என்ன? மேலும் அந்தக் கருவி காட்டுவது காற்றுக்கு ஏற்படும் தடையை. எண் கூடினால் உங்கள் வரத்து குறைகிறது. அளவீடு ஒரு பக்கமும் சொல் எதிர்ப்பக்கமும் போகும் கலைச்சொல் மாணவரைக் குழப்பும். இழுபாட்டில் ‘படாத பாடு’தான் எனக்குக் கேட்கிறது. ஞா. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உள்மோப்பை வரவேற்கிறேன். மோப்ப நாயை நினைத்து யாரும் தயங்க வேண்டாம், ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்றவர் நாயையா நினைத்தார்? ஐம்புலனை எண்ணும் இடத்தில் அவரே நாற்றம் என்கிறார். மணத்தைக் குறித்த அந்த நல்ல சொல்லைக் கெட்ட வாடைக்குத் தள்ளிவிட்டோம். பாடநூல் துணிந்தால் மீட்கலாம்.

தெ.ந. எழுதியது:

ஐயா, நாற்றத்தை மீட்க இந்த அத்தியாயம் ஏற்ற இடம் இல்லை. முற்றாத புகையிலையில் அமோனியா வாடை வரும். அதைக் குறையாகக் குறிக்க மாணவருக்கு ஒரு சொல் வேண்டும், இன்றைய பொருளில் நாற்றம் அதற்கே பொருந்துகிறது.

தடை பற்றிச் சொன்னது சரி. கருவியின் எண்ணுக்கு ‘வரத்துத் தடை’ என்று தனியாக வைத்துக்கொள்வோம். சுவைப்பவர் எண்ணைப் பார்ப்பதில்லை, வாயில் வருவதைத்தான் குறிக்கிறார்.

உள்மோப்புக்கு ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ஏறிவிடும். வாயில் இருப்பதில் பெரும்பகுதியை முதலில் ஊதிவிட்டு, எஞ்சிய சிறிதளவை மட்டும் மூக்கால் விட வேண்டும். முழுவதையும் விட்டால் காரம் மூக்கைச் சுட்டு, அதற்குப் பிறகு சிறிது நேரம் எந்த மணமும் பிடிபடாது. முதல் மூன்றிலொரு பங்கில் ஒரு முறை, நடுப்பங்கில் ஒரு முறை, கடைசிப் பங்கில் ஒரு முறை போதும். சுவையைக் குறிப்பதும் இதே மூன்று பங்காகத்தான். இடையிடையே வெறும் தண்ணீர்.

(இங்கே காரத்தன்மை என்றது அமிலத்துக்கு எதிரானதை. ஒரே பக்கத்தில் மிளகுக் காரமும் வருவதால், வ.சா., இந்த இடத்தில் ‘அமிலத்தன்மை அற்றது’ என்று மாற்றிவிடுங்கள்.)

வ.சா. எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. இதுவரை பேசியவர்களில் தெ.ந., பூ.ம. இருவரும் வரத்து. தனிமடலில் எழுதிய மூவரும் வரத்து. க.மு. ஐயா இழுவை, ஞா. இழுபாடு. தாளில் ‘புகைவரத்து’ என்று போடுகிறேன். ஆளின் செயலுக்கு ‘இழுத்தல்’ என்றே விட்டுவிட்டேன். மெய்ப்புத் திருத்துபவரின் மறுப்பு பெயர்ச்சொல்லுக்குத்தான். காட்டம், உள்மோப்பு, நுனியிலை, நடுவிலை, அடியிலை எல்லாம் ஏறிவிட்டன. ஹவானா வாசகருக்கு ஓரத்தில் கட்டம் போட்டு ஒரு பத்தி கொடுத்திருக்கிறேன். யாருக்கேனும் மறுப்பு இருந்தால் காலை எட்டு மணிக்குள்.

ஞா. எழுதியது:

மறுப்பு இருக்கு, ஆனால் தடுக்கேல்லை. அடைத்த சுருட்டைக் கையில் வைத்திருப்பவர் “வரத்து இல்லை” எண்டு சொல்லி நான் கேட்டதில்லை. “இழுபடுதில்லை” எண்டுதான் கேட்டிருக்கிறன். அடிக்குறிப்பிலாவது இழுபாடு வர வேணும்.

க.மு. எழுதியது:

இழுவை என்றே என் சொற்பட்டியலில் இருக்கும். அச்சைத் தாமதப்படுத்த விரும்பவில்லை.

ஆனால் மூன்றாம் பக்கத்தை நிறுத்துங்கள், வ.சா. சுருட்டின் பருமனைச் சொல்லும் சேப்போவைச் ‘சுற்றளவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பர்த்தகாஸ் செரியே தே நான்காம் எண் சுருட்டு: நீளம் 124 மி.மீ., சுற்றளவு 50 என்று அட்டவணையில் இருக்கிறது. சேப்போ விட்டத்தைக் குறிப்பது, ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்குக் கணக்கில். 50 என்றால் விட்டம் ஏறத்தாழ 19.8 மி.மீ. மாணவர் நூலைச் சுற்றி அளந்தால் 62 மி.மீ. வரும், புத்தகத்தில் 50 என்று இருக்கும். மோந்தேகிறிஸ்தோ நான்காம் எண்ணுக்கு 42 என்று போட்டிருப்பதும் அப்படியே. ‘விட்ட எண்’ என்று மாற்றி, 64இன் கணக்கை அட்டவணைக்குக் கீழே கொடுங்கள்.