புதுப்பிப்பு: உறுமிக்கொண்டே நின்ற கிணற்று மோட்டார் ஓடிவிட்டது

நீடாமங்கலம் பக்கம், உறைகிணற்றில் ஒரு ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது). ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை; நானே பார்க்கலாமா, வைண்டிங் கடைக்குத் தூக்குவதா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றச் சொன்னவர் சொன்னதுதான் பலித்தது. லேசாகச் சுற்றியது. அப்படியானால் பேரிங் இறுகவில்லை, மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் மேல்தான் சந்தேகம். எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் உப்பி, எண்ணெய் கசிந்திருந்தது. கரண்ட் நிறுத்தினாலும் அதில் மின்சாரம் தங்கும். பல்பு மாட்டிய ஹோல்டரின் ஒயர்களை இரண்டு முனையிலும் வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் தொட்டேன். அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே 440 வோல்ட் பார்த்து வாங்கி மாட்டியதும் மோட்டார் கிளம்பிவிட்டது.

ஆனால் தண்ணீர் வரவில்லை! இதை யாருமே எதிர்பார்க்கவில்லை. பம்ப் இழுப்பதற்காக முதலில் ஊற்றும் பிரைமிங் தண்ணீர், ஊற்ற ஊற்ற நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வில் கோளாறு. இதற்கு ஆள் கூப்பிட்டேன். கிணற்றுக்குள் இறங்கும் குழாயை ஒற்றை ஆளாய் மேலே இழுப்பது வீண் வீம்பு. வால்வின் வாஷர் தேய்ந்து, இடுக்கில் வண்டல் அப்பியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து கிணறு ஏறுவதற்குள் கூப்பிட்டது நல்லது என்றார் பிளம்பர்.

விசிறி கையால் சுற்றவில்லை என்றால் கப்பாசிட்டருக்குக் காசு போடாதீர்கள், நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.