டைனகோ பி.ஏ.எஸ்-3: யாரோ கைவைத்த பிரீஆம்பைப் பழையபடி ஆக்குவதா, அப்படியே கேட்பதா?

குமரன்_நியூஜெர்ஸி
எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் டைனகோ பிரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வைக்கிற ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒன்று 60 டாலருக்குக் கிடைத்தது. தங்க நிற முகப்பு, ஆன் செய்தால் எரிகிற சின்ன விளக்கு. மூடியைக் கழற்றினால் நான்கு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் இருக்கின்றன. ஐந்தாவது சாக்கெட் காலி. அதன் அடியில் இரண்டு கறுப்பு டையோடுகள். பழைய கெப்பாசிட்டர்கள் பாதிதான் மிச்சம், மற்றவை மஞ்சள் நிறப் புதுசு. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 137 6642 என்று அச்சு. அடித்தட்டின் உள்பக்கம் பென்சிலில் 12எக்ஸ்4-ஐ எடுத்துவிட்டதாக ஒரு குறிப்பும், 1984 என்ற ஆண்டும்.

இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. இது எந்த மாடல்? பழையபடி ஆக்கலாமா?

மூலவடிவம்
தம்பி, நல்ல பெட்டி. முகப்பு விளக்கு இருப்பதால் பி.ஏ.எஸ்-2 இல்லை, 3. ஃபிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லரின் டைனகோ 1960-இல் 2-ஐக் கொண்டுவந்தது. அதே சர்க்யூட்டுக்கு விளக்கும் புது முகப்பும் வைத்தது 3. கண்ட்ரோலில் 137 என்பது சி.டி.எஸ் கம்பெனியின் குறியீடு, 6642 என்றால் 1966-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரம். ஆகவே பெட்டி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, பிந்தையதாக இருக்கலாம். அந்தக் காலத்தில்தான் 3-இன் அடுத்த வடிவமான 3எக்ஸ் வந்தது. அதில் டோன் குமிழ்கள் நடுவில் நிற்கும்போது சிக்னல் பாதையை விட்டே விலகிவிடும்.

காலியான சாக்கெட்டில் இருந்தது 12எக்ஸ்4 ரெக்டிஃபையர் வால்வு, அதாவது ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்குவது. அதைத் திரும்பப் போடுங்கள், டையோடுகளை எடுத்துவிடுங்கள். மஞ்சள் கெப்பாசிட்டர்களையும் சர்க்யூட் படத்தில் உள்ள மதிப்புக்கே மாற்றுங்கள். ஹாஃப்லர் கொடுத்த ஒலி என்ன என்று அப்போதுதான் தெரியும். இப்போது கையில் இருப்பது முகம் தெரியாத ஒருவரின் யோசனை.

சூடுகம்பி
அண்ணா சொன்ன அடையாளம் சரி, முடிவை ஏற்க முடியவில்லை.

டைனகோ இதைப் பெரும்பாலும் கிட்டாகத்தானே, உதிரிபாகப் பெட்டியாக, விற்றது? வாங்கியவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே பற்றவைத்தார். முதல் நாளிலேயே ஒரு பெட்டி போல இன்னொன்று இல்லை. அப்புறம் இருபது முப்பது வருஷம் அமெரிக்க ஆர்வலர்கள் இதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வான் ஆல்ஸ்டைன் போன்றவர்கள் அதையே தொழிலாகச் செய்தார்கள். இந்த மாடலின் சரித்திரமே அதுதான். 1984-இல் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலையை அழித்துவிட்டு எதை மீட்கப் போகிறோம்?

இன்னொன்று. இது டைனகோவின் சொந்த ஸ்டீரியோ 70 பவர் ஆம்புக்காகச் செய்தது. அதன் உள்ளீட்டு மின்தடை 470 கிலோஓம். இன்றைய டிரான்ஸிஸ்டர் ஆம்புகளில் பல 10, 20 கிலோஓம்தான். சும்மா கணக்குக்குச் சொல்கிறேன்: வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் 470-க்கு 3.4 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போகும். 10-க்கு 159 ஹெர்ட்ஸிலேயே பாஸ் விழத் தொடங்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். குமரன், வெளியீட்டுப் பக்கம் உள்ள மஞ்சள் கெப்பாசிட்டரில் என்ன எழுதியிருக்கிறது?

குமரன்_நியூஜெர்ஸி
2.2 மைக்ரோஃபாரட், அண்ணா.

சூடுகம்பி
அப்படியென்றால் 10 கிலோஓமிலும் 7 ஹெர்ட்ஸ். அந்த மனிதருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறது.

மூலவடிவம்
ஒரு இடத்தில் தெரிந்திருந்தால் எல்லா இடத்திலும் தெரிந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? டையோடு விஷயத்துக்கு வாருங்கள். 12எக்ஸ்4 மெதுவாகச் சூடேறும். மற்ற வால்வுகள் தயாராகும் நேரத்தில்தான் உயர் மின்னழுத்தம் ஏறும். டையோடு, சுவிட்ச் போட்ட நொடியே முழுதையும் தள்ளிவிடும். அதுவும் வால்வு விழுங்குகிற அளவு மிச்சமாகி, முன்னைவிடக் கூடுதலாக. ஐம்பது வயது தாண்டிய ஃபில்டர் கெப்பாசிட்டர் அதைத் தாங்குமா? இதை ரசனை பேதம் என்று ஒதுக்க முடியாது.

குமரன்_நியூஜெர்ஸி
டார்ச் அடித்துப் பார்த்தேன். டையோடுகளுக்குப் பின்னால் தடிமனான ரெசிஸ்டர் ஒன்று தொடரில் இருக்கிறது. ஃபில்டர் கெப்பாசிட்டர் குடுவைக்கு அடியில் தனித்தனியாகப் புதுசு கட்டியிருக்கிறார்; பழைய குடுவை அலங்காரத்துக்கு மட்டும் நிற்கிறது. ஆனால் வால்வுகளைச் சூடேற்றும் ஹீட்டர் பக்கம் தகடு தகடாக அடுக்கிய ஒரு பொருள் அப்படியே இருக்கிறது.

மூலவடிவம்
அந்தத் தகடு அடுக்கு செலினியம் ரெக்டிஃபையர். அது கருகினால் வீடே நாறும், புகை நச்சு. முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

சூடுகம்பி
இதில் இரண்டு பேச்சு இல்லை. சிலிக்கான் போட்டால் ஹீட்டர் வோல்ட் ஏறும், ஒரு ரெசிஸ்டர் வைத்து 12ஏஎக்ஸ்7-களுக்கு உரிய அளவுக்கு இறக்குங்கள். பிறகு 40 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு முதல் தடவை ஆன் செய்யுங்கள். உள்ளே 300 வோல்ட் அளவில் இருக்கும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரை இறக்காமல் கை வைக்க வேண்டாம்.

குமரன்_நியூஜெர்ஸி
பத்து நாள் கழித்து வருகிறேன். செலினியம் போச்சு, பல்ப் மங்கலாக எரிந்து அடங்கியது, ஹம் இல்லை. நேற்று இரவு வீணை எல்.பி. ஒன்று கேட்டேன். விரல் கம்பியைத் தொடுகிற சத்தம், அது விட்டு விலகுகிற சத்தம், ரெண்டும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. இவ்வளவு திறந்த ஒலியை என் வீட்டில் கேட்டதில்லை. அப்படியே விட்டுவிடத்தான் தோன்றுகிறது.

சூடுகம்பி
இதைத்தான் சொன்னேன்!

தட்டுச்சுழல்
ஒரு நிமிஷம் தம்பி. எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. மோனோ தட்டு ஏதாவது இருந்தால் போடுங்கள். பிளெண்ட் சுவிட்சு ஸ்டீரியோவிலேயே இருக்கட்டும், கலந்துவிட்டால் குறை மறைந்துவிடும். பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ‘ச’, ‘ஸ’ வருகிற இடங்களில் அவர் நடுவிலேயே இருக்கிறாரா?

குமரன்_நியூஜெர்ஸி
அக்கா, நீங்கள் சொன்னபடி செய்தேன். குரல் நடுவில் நிற்கிறது. ஆனால் ‘ஸ’ மட்டும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் தெறிக்கிறது. ஸ்பீக்கர் கம்பிகளை இடம் மாற்றினேன், தெறிப்பும் பக்கம் மாறியது. அப்புறம் பிரீஆம்பின் ஃபோனோ உள்ளீட்டில் (இசைத்தட்டுக் கருவியைச் செருகும் இடம்) இரண்டு கேபிளையும் மாற்றிச் செருகினேன், தெறிப்பு அதே பக்கம் நின்றது. ஆக ஊசியில் குறை இல்லை.

தட்டுச்சுழல்
அப்படியானால் ஃபோனோ போர்டில். ஆர்.ஐ.ஏ.ஏ கோடு (தட்டு வெட்டும்போது குறைத்த பாஸையும் கூட்டிய உச்சத்தையும் பழையபடி ஆக்கும் பொதுத் தரநிலை) இரண்டு சேனலிலும் ஒத்து வரவில்லை. 1 கிலோஹெர்ட்ஸைப் பூஜ்யமாக வைத்தால் 100 ஹெர்ட்ஸில் கூட்டல் 13.1 டெசிபெல், 10 கிலோஹெர்ட்ஸில் கழித்தல் 13.7. மிகச் சின்ன சிக்னலாகக் கொடுத்து அளந்து பாருங்கள்.

குமரன்_நியூஜெர்ஸி
வலது: 13.0, கழித்தல் 13.6. இடது: 13.1, கழித்தல் 11.2.

போர்டைப் பார்த்தால், உச்ச ஸ்தாயியை இறக்கும் மஞ்சள் கெப்பாசிட்டர் இடப்பக்கம் வலப்பக்கத்தில் உள்ளதன் முக்கால் பங்குதான். நாற்பது வருஷமாக அப்படியே இருந்திருக்கிறது.

மூலவடிவம்
இப்போது சொல்லுங்கள். திறந்த ஒலி என்று கேட்டது இரண்டரை டெசிபெல் பிழை. இதனால்தான் படத்தில் உள்ள மதிப்புக்குத் திரும்பு என்கிறேன். உழைத்தவர்மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் அளக்காமல் ரசித்தால் பிழையைத்தான் ரசிப்போம்.

சூடுகம்பி
ஃபோனோ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் அவசரப்பட்டேன். ஆர்.ஐ.ஏ.ஏ என்பது யாருடைய ரசனையும் இல்லை, தட்டை வெட்டியவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு கெப்பாசிட்டருக்காக வெளியீட்டில் உள்ள 2.2-ஐயும் பவர் சப்ளையையும் பிடுங்கச் சொல்வதை இன்னும் ஏற்க மாட்டேன். அவை அளந்தாலும் தேறும்.

மூலவடிவம்
பவர் சப்ளையை விட்டுவிடுகிறேன். 2.2-ஐ விட மாட்டேன். குமரன் ஒரு நாள் ஸ்டீரியோ 70 வாங்கினால் அந்தப் பேச்சைத் திரும்ப எடுப்போம்.

குமரன்_நியூஜெர்ஸி
கெப்பாசிட்டரை மாற்றிவிட்டேன். ‘ஸ’ நடுவுக்கு வந்துவிட்டது. வீணை முதலில் கொஞ்சம் மங்கியது போல இருந்தது. மூன்றாம் நாள் குடத்தின் நாதம் கேட்கத் தொடங்கியது, முன்பு கம்பி மட்டும்தான் கேட்டது. கழற்றிய 12எக்ஸ்4 கிடைக்கவில்லை, சாக்கெட் காலியாகவே இருக்கட்டும். அடித்தட்டில் அவருடைய பென்சில் வரிக்குக் கீழே, இடது ஃபோனோ கெப்பாசிட்டரின் புது மதிப்பையும் தேதியையும் நானும் பென்சிலிலேயே எழுதி மூடினேன்.