புதுப்பிப்பு: கத்தரி இலை சிறுத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

கத்தரிச் செடிகள் சில காய்க்காமல் புதராக அடர்ந்து நிற்கின்றன, துத்தநாகக் குறைவா, வைரஸா என்று முன்பு கேட்டிருந்தேன். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை முடிவு வந்துவிட்டது. இரண்டும் இல்லை. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமியால் வரும் சிற்றிலை நோய்.

வைரஸ் என்று பலர் சொன்னதில் வியப்பில்லை. 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும்வரை இந்த வகை நோய்களை உலகமே அப்படித்தான் நம்பியது. உண்மையில் பைட்டோபிளாஸ்மா என்பது செல்சுவர் இல்லாத பாக்டீரியா. செடியில் உணவைக் கடத்தும் சல்லடைக் குழாய்களுக்குள் வாழ்கிறது.

ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். ஊதா இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த பச்சை மடல்கள், நடுவில் ஒரு குட்டித் தளிர். கிருமி சுரக்கும் புரதங்கள் பூவையே இலையாக மாற்றிவிடுகின்றன. பார்க்க மனசு கேட்கவில்லை.

கவாத்து செய்தால் தேறுமா என்று கேட்டவர்களுக்கு: தேறாது. வெட்டிய இடத்திலும் அதே சிற்றிலைதான் துளிர்க்கும். பூஞ்சைக்கொல்லிக்கும் இங்கே வேலை இல்லை. டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து அறிகுறியை அடக்கும், ஆனால் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

பரப்புவது தத்துப்பூச்சி. சாறு உறிஞ்சிய உடனே அதனால் பரப்ப முடியாது. கிருமி அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டச் சில வாரங்கள் ஆகும். அதனால் அறிகுறி தெரிந்ததும் பிடுங்கி அழிப்பது நிஜமாகவே பலன் தரும். நானும் பிடுங்கிவிட்டேன். அப்புறம், வரப்போரத்து ஊமத்தை, நித்தியகல்யாணிச் செடிகளையும் பாருங்கள். இதே கிருமி அவற்றிலும் தங்கும்.