பத்து 0.1 சேர்ந்தால் 1.0 வருமா, வராதா? "திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்கள்" என்றவர் பதில் சொல்லட்டும்

அரைப்புள்ளி:
நேற்று ஒருவர் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய வொய்ல் லூப் (நிபந்தனை பார்த்துத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நிற்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தார். எக்ஸ் 0-இல் தொடங்குகிறது, சுற்றுக்குச் சுற்று 0.1 கூடுகிறது, 1.0-க்குச் சமமானதும் நிற்க வேண்டும். புதிதாகக் கற்பவர்தான், ஆனாலும் கேள்வி தெளிவு, நிரலையும் முழுதாக ஒட்டியிருந்தார். அதற்கு வடகாற்று கொடுத்த பதிலைப் பாருங்கள்: "பத்து 0.1-ஐ சம் என்ற கூட்டல் ஃபங்ஷனில் போட்டுப் பார்த்தேன். சரியாக 1.0 வருகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. பைத்தானை எடுத்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்கள்."

கற்க வந்தவரை இப்படியா அலையவிடுவது? 0.1-ஐ இரும எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினால் 0.000110011001100 என்று முடிவில்லாமல் போகும். கணினி புள்ளி எண்களை வைத்துக்கொள்ளும் ஃப்ளோட் வகையில் இலக்கங்களுக்கு இருப்பது 53 பிட்தான். அதற்குள் அடக்கும்போது உள்ளே உட்காருவது 0.1 அல்ல, 0.1000000000000000055511 என்று நீளும் வேறொரு எண். அப்படிப் பத்தைக் கூட்டினால் சரியாக 1.0 வர வாய்ப்பே இல்லை. என் கணினியில் அதே சம் 0.9999999999999999 என்றுதான் காட்டுகிறது. வடகாற்றுக்கு மட்டும் 1.0 எங்கிருந்து வந்தது?

வடகாற்று:
எங்கிருந்தும் வரவில்லை, பைத்தானிலிருந்துதான் வந்தது. இப்போதும் ஓட்டினேன், 1.0. என்ன ஓட்டினேன், என்ன வந்தது என்று நேற்றே ஒட்டியிருக்கிறேன். "வாய்ப்பே இல்லை" என்கிறீர்களே, என் திரையில் இருப்பது என்ன?

அரைப்புள்ளி:
திரையில் இருப்பதை விடுங்கள். 0.1-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியுமா, முடியாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வடகாற்று:
கேட்டது அதுவல்ல. 1.0 வரும் என்றேன், வருகிறது. வராது என்றீர்கள். யார் சொன்னது நடந்தது?

கூர்நோக்கி:
ஓர் இடம் எனக்கு இடிக்கிறது. உள்ளே இருக்கும் எண் 0.1-ஐவிடக் கொஞ்சம் பெரியது என்கிறார் அரைப்புள்ளி. பெரியதைப் பத்து முறை கூட்டினால் 1-ஐத் தாண்ட வேண்டுமே, 0.9999 என்று எப்படிக் குறையும்?

அரைப்புள்ளி:
நல்ல கேள்வி, இதைத்தான் வடகாற்று கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடை பக்கத்தில் இருக்கும் ஃப்ளோட்டுக்கு நகர்த்தப்படுகிறது. சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே. லூப்பில் அச்சிட்டுப் பாருங்கள்: மூன்றாவது சுற்றில் 0.30000000000000004, அடுத்ததில் ஒழுங்காக 0.4, எட்டாவதில் 0.7999999999999999, பிறகு 0.8999999999999999, பத்தாவதில் 0.9999999999999999. அடுத்தது 1.0999999999999999. நடுவில் 1.0 தலைகாட்டவே இல்லை. லூப் எப்படி நிற்கும்?

மூன்றாம்பிறை:
இரண்டு பேரும் பைத்தான் வெர்ஷன் என்ன என்று சொல்லவே இல்லையே. 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் சம் ஃபங்ஷன் மாறிவிட்டது. நியூமையர் முறை என்று பெயர்: ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்கிற சில்லறையைத் தனியாக வைத்துக்கொண்டு கடைசியில் சேர்த்துவிடும். 3.12-இலிருந்து சம் 1.0 தரும், 3.11 வரை 0.9999999999999999. லூப்பில் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் எந்த வெர்ஷனிலும் 0.9999999999999999-தான். இதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை.

வடகாற்று:
பார்த்தீர்களா! 1.0 வருகிறது என்று அவரே சொல்லிவிட்டார். பழைய வெர்ஷனை ஓட்டிக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார் அரைப்புள்ளி.

அரைப்புள்ளி:
மூன்றாம்பிறை எழுதியதன் கடைசிப் பாதியைப் படியுங்கள். லூப்பில் எந்த வெர்ஷனிலும் 0.9999999999999999. கேட்டவர் எழுதியது லூப். சம்மைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அவர் எழுதாத ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர் கணினியில் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னது நீங்கள்.

வடகாற்று:
"1.0 வர வாய்ப்பே இல்லை". இது யார் எழுதியது?

அரைப்புள்ளி:
ஒவ்வொன்றாகக் கூட்டினால் வராது என்ற பொருளில் எழுதியது. சம்முக்குள் தனிக் கணக்கு வைத்துத் திருத்துவது வேறு விஷயம்.

வடகாற்று:
"அதே சம் 0.9999999999999999 என்றுதான் காட்டுகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே சம்! லூப் என்று இல்லை. "வாய்ப்பே இல்லை" என்றதற்குப் பதில் வரட்டும்.

கூர்நோக்கி:
கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருக்கும் எண்ணைத் துல்லியமாகப் பத்தால் பெருக்கினால் 1-ஐவிட 0.000000000000000055 அளவுக்கு அதிகம். 1-க்கு அடுத்து மேலே இருக்கும் ஃப்ளோட்டோ 0.00000000000000022 தள்ளி இருக்கிறது. ஆகவே பக்கத்து எண் 1.0-தான். மேத் தொகுப்பில் இருக்கும் எஃப்சம் என்ற துல்லியக் கூட்டல் ஃபங்ஷன் எந்தக் காலத்திலும் 1.0 என்று சொன்னதும் இதனால்தான். அந்த வகையில் 1.0-ஐச் சரியான விடை என்றே சொல்ல வேண்டும்.

வடகாற்று:
நன்றி, கூர்நோக்கி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அரைப்புள்ளி:
கூர்நோக்கி, நீங்கள் எண்ணெய் ஊற்றுகிறீர்கள். எஃப்சம் பற்றி இங்கே யாராவது பேசினார்களா?

பழையகை:
இவ்வளவு பேச்சு எதற்கு? ரவுண்ட் போட்டு ஒரு தசமத்துக்கு நிறுத்தினால் முடிந்தது. நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன், இதுவரை யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

தூரிகை:
குறை சொல்ல வராதவர்கள் எல்லாம் சரியாகிப் போனவர்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்யுங்கள். 2.68 எதிர்பார்ப்பீர்கள், 2.67 வரும். உள்ளே இருக்கும் எண் 2.675-ஐவிடச் சற்றுச் சிறியது. தசமமே இல்லாமல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2 வரும், ஏனென்றால் பைத்தான் 3 சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும். பணக் கணக்கு எழுதுபவருக்கு உங்கள் ரவுண்ட் அறிவுரை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பழையகை:
கேட்டவர் பணக் கணக்கா எழுதினார்? லூப்தானே எழுதினார். அவர் லூப்புக்கு ரவுண்ட் போதும்.

தூரிகை:
இன்றைக்கு லூப், நாளைக்கு அதே பழக்கத்தில் கட்டண ரசீது எழுதுவார். பணத்தை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணைத் தசம இலக்கமாகவே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள் என்று முதல் நாளே சொல்ல வேண்டும்.

மூன்றாம்பிறை:
டெசிமல் என்றால் எல்லாம் சரியாகிவிடாது. டெசிமலில் 1-ஐ 3-ஆல் வகுத்து, வந்ததை 3-ஆல் பெருக்குங்கள். இயல்பு அமைப்பில் 28 இலக்கம் வைத்துக்கொள்ளும், 0.9999 என்று 28 ஒன்பது வரும். இன்னொன்று: டெசிமலுக்குள் 0.1-ஐ மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால் ஃப்ளோட்டின் குப்பை அப்படியே உள்ளே வந்துவிடும். மேற்கோள் குறிக்குள் எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும்.

நெடுவழி:
சி மொழியில் இந்தத் தொல்லையே கிடையாது. அதே லூப்பைப் பத்துச் சுற்று ஓட்டி அச்சிட்டேன், 1.000000 என்று சுத்தமாக வருகிறது. பைத்தான்காரர்கள்தான் இதை ஒரு பிரச்சினையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரைப்புள்ளி:
அது ஆறு தசமத்தோடு அச்சிடுகிறது, அதனால் ஒன்பதுகள் உங்கள் கண்ணில் படவில்லை. பதினேழு இலக்கம் கேட்டு அச்சிடுங்கள், அப்புறம் பேசுவோம். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி எல்லாம் ஐஇஇஇ 754 என்ற ஒரே தரத்தில்தான் ஓடுகின்றன. அது 1985-இல் வந்தது. மொழிக்கு மொழி மாற இது இலக்கணம் இல்லை.

நெடுவழி:
எனக்கு 1.000000 வந்தது. அது உண்மை.

வடகாற்று:
இன்னொருவருக்கும் 1 வந்திருக்கிறது. அவரையும் மிரட்டுங்கள், அரைப்புள்ளி.

அரைப்புள்ளி:
மிரட்டவில்லை. தவறான பதில் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் பேசாதீர்கள் என்கிறேன். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். காரணம் இதே 0.1. கடிகாரம் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது, அந்த 0.1 இரும எண்ணில் வெட்டுப்பட்டிருந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் ஏறத்தாழ 0.34 நொடி பிசகு சேர்ந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

தூரிகை:
அதில் ஃப்ளோட்டே இல்லை. 24 பிட் நிலைப்புள்ளி எண், அதாவது புள்ளியின் இடம் மாறாத எண். உங்கள் 53 பிட் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரைப்புள்ளி:
0.1 இருமத்தில் அடங்கவில்லை என்பதுதானே இரண்டிலும் காரணம்? 24 ஆனால் என்ன, 53 ஆனால் என்ன?

தூரிகை:
ஃப்ளோட் பற்றிப் பேசும் இடத்தில் நிலைப்புள்ளி விபத்தைக் கொண்டுவந்து பயமுறுத்தினால் நான் சொல்லத்தான் செய்வேன். மற்றவர் பிழையைத் தேடி எடுப்பீர்கள், உங்களுடையதைச் சொன்னால் "ஆனால் என்ன" என்பீர்கள்.

அரைப்புள்ளி:
இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போன மாதம் உங்கள் கேள்வியை டூப்ளிகேட் என்று மூடினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தூரிகை:
ஆறவில்லைதான். நான் கேட்டது, இரண்டு எண்கள் நெருக்கமா என்று பார்க்கும் ஈஸ்க்ளோஸ் ஃபங்ஷன் பற்றி. 0.1 + 0.2 - 0.3 என்பதை 0-உடன் ஒப்பிட்டால் ஏன் பொய் என்று வருகிறது என்று கேட்டேன். ஈஸ்க்ளோஸ் ஒப்பீட்டளவில்தான் நெருக்கம் பார்க்கும், 0-இன் பக்கத்தில் அது உதவாது, எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்று நாமே தனியாகக் கொடுக்க வேண்டும். இது அப்புறம் நானே படித்துத் தெரிந்துகொண்டது. நீங்கள் தலைப்பில் 0.1 + 0.2 என்று கண்டதும், "ஃப்ளோட் பற்றி ஏற்கெனவே பதில் இருக்கிறது" என்று பூட்டிவிட்டீர்கள். கேள்வியைப் படிக்காமல் பதில் சொன்னார் என்று வடகாற்றைக் குற்றம் சாட்ட உங்களுக்கு என்ன தகுதி?

அரைப்புள்ளி:
ஒரே கேள்வியை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகக் கேட்டால் மூடித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. இதில் தனிப்பட்ட பகை எனக்கு இல்லை.

பயில்பவள்:
லூப் கேள்வி கேட்டது நான்தான். சார் சொன்னபடி பைத்தானை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அப்படியும் நிற்கவில்லை. மேலே எல்லாம் படித்தேன். எக்ஸ் 1.0-ஐவிடச் சிறியதாக இருக்கும்வரை ஓடு என்று மாற்றினேன். நிற்கிறது, ஆனால் பத்துச் சுற்றுக்குப் பதில் பதினொன்று ஓடுகிறது. நான் என்னதான் எழுத வேண்டும்?

மூன்றாம்பிறை:
பதினொன்று ஓடுவதற்கும் காரணம் அதேதான். பத்துச் சுற்று முடிந்ததும் எக்ஸ் 0.9999999999999999, அது 1.0-ஐவிடச் சிறியதாயிற்றே, அதனால் இன்னொரு சுற்று. எண்ணுவதை முழு எண்ணிடம் விடுங்கள், தங்கச்சி. ஃபார் லூப்பில் ஐ 0 முதல் 9 வரை ஓடட்டும், உள்ளே எக்ஸ் = ஐ / 10 என்று எழுதுங்கள். ஐயை 0.1-ஆல் பெருக்காதீர்கள். 3-ஐ 0.1-ஆல் பெருக்கினால் மறுபடி 0.30000000000000004, 10-ஆல் வகுத்தால் 0.3. உங்கள் கணினியில் ஒரு கோளாறும் இல்லை.

வடகாற்று:
திரும்ப இன்ஸ்டால் செய்தபோது எந்த வெர்ஷன் போட்டீர்கள்? 3.12-ஓ அதற்கு மேலோ போட்டிருந்தால் சம் 1.0 காட்டுமே, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

அரைப்புள்ளி:
இன்னும் சம்மையா பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்! அவர் லூப் எழுதியிருக்கிறார், வடகாற்று. லூப். உங்கள் பேச்சைக் கேட்டு இல்லாத கோளாறுக்கு பைத்தானை அழித்துப் போட்டிருக்கிறார். அதற்கு ஒரு வார்த்தை வரவில்லை உங்களிடமிருந்து.

வடகாற்று:
புது வெர்ஷன் போட்டதால் அவருக்கு நன்மைதான். நீங்கள்தான் இன்னும் "வாய்ப்பே இல்லை" என்றதற்குப் பதில் சொல்லவில்லை. கூர்நோக்கி கணக்கே போட்டுக் காட்டினார், அதையும் எண்ணெய் என்று தள்ளிவிட்டீர்கள்.

பழையகை:
ஐ / 10 எல்லாம் சுற்றி வளைப்பது. ரவுண்ட் போட்டாலே லூப் பத்தில் நிற்கும், ஓட்டிப் பாருங்கள்.

தூரிகை:
2.675-க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, பழையகை.

நெடுவழி:
பதினேழு இலக்கம் கேட்டு அச்சிட்டேன். 0.99999999999999989 என்று வருகிறது. அரைப்புள்ளி சொன்ன 0.9999999999999999-உம் இல்லை, வேறு ஏதோ. ஆக அவர் சொன்னதும் தப்பு.

அரைப்புள்ளி:
அது அதே எண்! அந்த எண்ணை அடையாளம் காட்டப் போதுமான மிகக் குறைந்த இலக்கத்தோடு பைத்தான் நிறுத்துகிறது, நீங்கள் கேட்ட பதினேழையும் சி முழுதாகக் கொடுக்கிறது. இதற்கும் ஒரு பாடம் எடுக்க வேண்டுமா?

வடகாற்று:
எடுங்கள். முதலில் உங்கள் பைத்தான் வெர்ஷன் என்ன என்று போடுங்கள். மூன்றாம்பிறை கேட்டு இவ்வளவு நேரம் ஆகிறது, நீங்கள் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள்.

அரைப்புள்ளி:
நீங்களும்தான் சொல்லவில்லை. முதலில் நீங்கள் போடுங்கள்.