ஆக்சாலிக் அமிலத்துக்குப் பிறகு குவார்ட்ஸ் கொத்தில் மஞ்சள் பூச்சு: எப்படி எடுப்பது?

கல்பொறுக்கி:
உள்ளங்கை அகலக் குவார்ட்ஸ் கொத்து, மேலெல்லாம் செம்பழுப்புத் துருக்கறை. லிட்டருக்கு 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்து, கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரமாகப் பத்து நாள் ஊறியது. துரு போய்விட்டது. ஆனால் படிகங்களின் இடுக்கில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு பொடி ஒட்டியிருக்கிறது. பிரஷ், சோப்பு எதற்கும் அசையவில்லை. அடிப்பக்கம் இருந்த சாய்சதுர வெள்ளைப் படிகங்களும் மாவு பூசினாற்போல் மங்கிவிட்டன. மறுபடி ஆக்சாலிக்கிலேயே போடலாமா? இல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலமா?

படிகக்கோட்டம்:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாங்க. அந்த மஞ்சள் பொடி ஃபெரஸ் ஆக்சலேட், அதாவது இரும்பும் ஆக்சாலிக்கும் சேர்ந்த உப்பு. துரு கரையும்போது இரும்பு முதலில் பச்சை நிறக் கரைசலாகத்தான் நிற்கும், அதுவரை தொல்லையில்லை. அதன்மேல் வெயில் பட்டால் இரும்பு ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான் பெற்று), தண்ணீரில் கரையாத மஞ்சள் ஆக்சலேட்டாகப் படிந்துவிடும். ஜன்னலோரமும் பத்து நாளும் சேர்ந்ததில் வந்த வினை இது. ஜாடியை இருட்டில் வைத்து, கரைசல் அடர்பச்சை ஆனதுமே புதுசு மாற்றியிருந்தால் இவ்வளவு படிந்திருக்காது.

எடுக்க வாலர் கரைசல் போடுங்க, இரும்புக்கறை நீக்கும் கலவை அது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் சிட்ரேட் சுமார் 70 கிராம், சமையல் சோடா 8 கிராம். இரண்டும் முழுசாகக் கரைந்த பிறகு கல்லை இறக்கி, கடைசியாக சோடியம் டைதயோனைட் 20 கிராம். வரிசை மாறக்கூடாது, டைதயோனைட் காற்றுபட்டால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். கல்லில் அமிலம் மிச்சமிருந்தால் இன்னும் மோசம்: கந்தக டை ஆக்சைடு கிளம்பும், கந்தகமே வெளுப்பாகக் கல்மேல் படியும். அதனால் முதலில் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தினமும் தண்ணீர் மாற்றுங்க. கலவையை ஒரு நாளுக்கு மேல் நம்பாதீங்க. மஞ்சள் மிச்சமிருந்தால் புதுசாகக் கலக்கணும். வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்க, நாற்றம் தாங்காது. டைதயோனைட் டப்பாவுக்குள் ஈரக் கரண்டி போகவே கூடாது. ஈரம்பட்ட பொடி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

சுண்ணாம்புக்கண்:
மங்கிய வெள்ளைப் படிகங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாய்சதுரம் என்றால் பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் கனிமம். கத்தி முனை கீறினால், கீறலில் ஒரு சொட்டு வினிகர் விட்டுக் குமிழ் வந்தால் சந்தேகமே வேண்டாம்; குவார்ட்ஸைக் கத்தி கீறாது. கால்சைட்டும் ஆக்சாலிக்கும் சேர்ந்தால் கால்சியம் ஆக்சலேட் படலம் உண்டாகும். அது தண்ணீரிலும் கரையாது, வினிகரிலும் கரையாது. ஹைட்ரோகுளோரிக்கில் கரையும்தான், ஆனால் அதற்கு முன் கால்சைட்டே போய்விடும். போன பளபளப்பு திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சைட் வேண்டாம், குவார்ட்ஸ் மட்டும் போதும் என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கே இரண்டு வேலையையும் முடித்துவிடும். மஞ்சள் ஆக்சலேட்டும் அதில் கரையும். கால்சைட் இருக்க வேண்டுமென்றால் வாலர்தான். அதிலும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடிக்கும் என்பதால், சில மணிக்கொருமுறை எடுத்துப் பாருங்கள். அமிலம் வாங்கும் முன்னே கொத்தின் அடிப்பக்கத்தில் வினிகர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பதுதான் முறை. பலரும் முனைகளை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கொத்தையும் அமிலத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

கல்பொறுக்கி:
வினிகருக்குக் குமிழ் வந்தது. கால்சைட்டேதான். வாலரே போடுகிறேன். மீந்த ஆக்சாலிக் கரைசலைச் சமையல் சோடா போட்டு ஊற்றிவிடலாமா?

படிகக்கோட்டம்:
சோடா புளிப்பைத்தான் முறிக்கும், ஆக்சலேட் கரைந்தபடியே நிற்கும், விஷமும் போகாது. நீர்த்த சுண்ணாம்பைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்க. கால்சியம் ஆக்சலேட் வெள்ளையாக அடியில் தங்கும். அதை வண்டலாக வடித்துத் தனியாகக் கட்டி, ரசாயனக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்க. கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆக்சாலிக் உள்ளே போனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கரைசலைச் சூடாக்குவதென்றால் வெளியில் வைத்து வெதுவெதுப்பாக மட்டும், கொதிக்க விடக்கூடாது.

சுண்ணாம்புக்கண்:
அடுத்த முறைக்கு இரண்டு விஷயம். ஆக்சாலிக் கலக்கவும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். குழாய்நீரிலுள்ள கால்சியமே வெள்ளைப் பொடியாகி இடுக்கில் படியும். அப்புறம், சூடான கல்லைக் குளிர்ந்த நீரில் போடாதீர்கள், உள்விரிசல் ஓடிவிடும். கறை படிகத்தின் மேலே இல்லாமல் மூடிக்கொண்ட பழைய விரிசலுக்குள் இருந்தால் எந்த அமிலமும் எட்டாது. லென்ஸில் பக்கவாட்டாகத் திருப்பிப் பார்த்தால், கறை மேற்பரப்போடு நகர்கிறதா, உள்ளே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.