மறு: 'பியர் லைன் கிளீனர்': நமக்கு வேண்டியது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

பியர் கலனிலிருந்து வரும் நெகிழ்வான குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் 'பியர் லைன் கிளீனர்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை முழுவதையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். 'பியர் வரி சுத்திகரிப்பான்', 'மதுக்குழாய்த் தூய்மி', 'பியர்த்தடத் தூய்மையாக்கி' என்று நல்ல உழைப்போடு சொற்கள் வந்திருக்கின்றன. ஆனால் எல்லோருமே ஒரு சொல்லைத் தேடுகிறோம். எனக்கு இரண்டு வேண்டும். ஏன் என்று விளங்க, போன கோடையில் எங்கள் வீட்டு நிலவறையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நான் இருப்பது மில்வாக்கியில். நிலவறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ். உள்ளே பியர் நிரப்பிய 19 லிட்டர் எஃகுக் கலன்கள் இரண்டு, கரியமில வாயு சிலிண்டர் ஒன்று. கதவில் இரண்டு குழாய்கள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தார். குடிக்கிற பழக்கம் கிடையாது, ஆனால் ஸ்பேனர் பிடிக்கிற வேலை என்றால் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். அன்றைக்குக் குழாய்களைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, அந்தக் கிளீனரை எடுங்க" என்றேன். நான் கேட்டது பாட்டிலில் இருந்த கரைசலை. அவர் தூக்கி வந்தது அந்தக் கரைசலைக் குழாய்க்குள் செலுத்தும் தெளிப்பான் டப்பாவை. அதையும் வீட்டில் 'கிளீனர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். முந்தைய வேலை முடிந்ததும் அதில் அழுத்தத்தை இறக்காமல் விட்டிருந்தேன்; அது என் தவறு. ரப்பர் குழலின் நுனியில் இருந்த வால்வை, "இது என்ன, அமுங்குது?" என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எரிசோடாக் கரைசல் மணிக்கட்டில் பீய்ச்சி அடித்தது.

கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோல் சிவந்ததோடு போயிற்று. கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். கருவிக்கு ஒரு பெயர், அதற்குள் ஊற்றும் மருந்துக்கு வேறு பெயர் வேண்டும். ஆங்கிலம் இரண்டையும் 'கிளீனர்' என்று விட்டுவிட்டது. நம்முடைய '-இ' விகுதியும் அந்த விஷயத்தில் உஷாரானது இல்லை. பூச்சிக்கொல்லி என்றால் மருந்து, மின்தூக்கி என்றால் இயந்திரம். 'தூய்மி' என்று வைத்தால் அது பாட்டிலா, டப்பாவா என்று அப்பாவுக்கு மறுபடியும் தெரியாது.

முதலில் 'லைன்'.

> குழாய் என்பதே எல்லோருக்கும் தெரிந்த சொல், புதிதாக எதற்கு?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் "குழாயைத் திற" என்றால் தமிழ் பேசுகிற எவருடைய கையும் திருகுக்குத்தான் போகும். இந்த அமைப்பில் திறந்து மூடும் குழாயும் உண்டு. அதன் முதுகிலிருந்து கலன் வரை போகும் நெகிழ்வான பிளாஸ்டிக் குழாயும் உண்டு. முன்னதைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். பின்னதன் உட்புறத்தைக் கை தொடவே முடியாது, திரவத்தை ஓட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டும். செய்முறை எழுதும்போது இரண்டையும் குழாய் என்று எழுதினால் மூன்றாவது வரியிலேயே குழம்பிவிடும். எனவே கதவில் இருப்பது குழாய், உள்ளே ஓடுவது குழல். மூச்சுக்குழல், உணவுக்குழல் என்று உடம்புக்குள் ஓடும் மென்மையானவற்றை நாம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். 'தூம்பு' என்று எழுதிய ஐயா மன்னிக்க வேண்டும். அழகான பழைய சொல்தான். ஆனால் கேட்டவுடன் கண்மாயும் மதகும் கண்முன் வந்துவிடுகின்றன, நம்முடையதோ பென்சில் கூட நுழையாத குழல். 'வரி' பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குழலின் உள்விட்டம் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர். 3 மீட்டர் நீளத்துக்குள் நிற்கும் பியர் சுமார் 54 மில்லிதான். ஆனால் அந்த 54 மில்லி தொட்டுக்கொண்டிருக்கும் உட்சுவரைக் கணக்குப் போட்டால் 450 சதுர சென்டிமீட்டர் வருகிறது, ஏ4 தாளில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு பரப்பில் எது ஒட்டியிருந்தாலும் முதல் டம்ளரில் வந்துவிடும். பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறினால் பியரில் வெண்ணெய் வாடை அடிக்கும். குழாய் வாயில் காற்றுப் படும் இடத்தில் அசிட்டோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியா பிடித்தால் வினிகர் புளிப்பு.

அடுத்து 'கிளீன்'. இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது, நாம்தான் பயன்படுத்திக்கொள்ளாமல் 'சுத்திகரி', 'தூய்மையாக்கு' என்று பெரிய சொற்களைத் தேடிப் போகிறோம். நம் வீட்டுச் சமையலறையில் கழுவுவது வேறு, துலக்குவது வேறு, அலசுவது வேறு. தண்ணீரில் காட்டி மேலழுக்கைப் போக்குவது கழுவுதல். பொருள் போட்டு ஒட்டியதை எடுப்பது துலக்குதல். போட்ட பொருள் மிச்சமில்லாமல் நீரால் எடுப்பது அலசுதல். குழலுக்குச் செய்வதும் இதே மூன்றுதான், இதே வரிசையில்தான்.

> தேய்க்காமல் எப்படித் துலக்குவது? துலக்கு என்றாலே கை வேலை அல்லவா?

நியாயமான கேள்வி. ஜெர்மனியில் பியர்க் குழலுக்குள் சின்னப் பஞ்சு உருண்டைகளைத் தண்ணீர் அழுத்தத்தில் ஓட விடுகிறார்கள். அது உள்ளே தேய்த்துக்கொண்டே போகும். அது சொல்லுக்குச் சொல் துலக்குதல்தான். ஆனால் தேய்ப்பு இல்லாவிட்டாலும் எனக்குத் தயக்கம் இல்லை. துலங்கு, துலக்கு என்பது விளங்கு, விளக்கு போல ஓர் இணை. துலங்கச் செய்வது துலக்குதல். எதனால் செய்கிறோம் என்பது அதற்குள் கட்டுப்பட்டு இல்லை.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு மாதம் கவனிக்காமல் விட்ட குழலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, நெடுக்காகப் பிளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நகத்தால் வழித்தால் முதலில் பழுப்பாக ஒரு வழவழப்பு வந்தது, தேங்காய் நார் ஊறிய தண்ணீரின் நிறம். அதை வழித்தெடுத்த பின் அடியில் மங்கலான வெள்ளைப் படலம். சொரசொரப்பாக இருந்தது, நகத்துக்கு அசையவில்லை. மேலே இருந்தது ஈஸ்டும் பாக்டீரியாவும் புரதமும். அதற்குக் காரம் வேண்டும். அடியில் இருந்தது கால்சியம் ஆக்சலேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். அப்பாவிடம் காட்டி இதை விளக்கியபோது அவர் சொன்னது: "உங்க ஆச்சி எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல் போடுவா, பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவா. அதுதானே இது?"

அதேதான். சாம்பலில் இருப்பது காரம், பிசுக்கை எடுக்கும். புளியில் இருப்பது அமிலம், களிம்பை எடுக்கும். வேதியியல் புத்தகம் தொடாத நம் வீட்டுப் பெண்கள் இரண்டையும் மாற்றிப் போட்டதில்லை, இரண்டுக்கும் அவர்கள் சொன்ன வினை 'துலக்குதல்'. இதைவிடப் பொருத்தமான வினையை நான் எங்கே போய்த் தேட?

ஆகவே என் முன்மொழிவு: கருவி 'குழல் துலக்கி'. கரைசல் 'துலக்குநீர்'. அதில் காரத் துலக்குநீர், அமிலத் துலக்குநீர் என்று இரண்டு. தேவைப்படும் இடத்தில் முன்னால் பியரைச் சேர்த்து 'பியர்க்குழல் துலக்கி'. புணர்ச்சி விதிப்படி 'குழற்றுலக்கி' என்று வர வேண்டும் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: விதி சரி, ஆனால் அப்படி எழுதினால் டப்பாவைப் பார்க்கிறவருக்குப் புரியாது. பிரித்தே எழுதுவோம்.

சொல் நிற்கிறதா என்று பார்க்க, செய்முறையை அதில் எழுதிப் பார்த்தேன்.

குழல் துலக்கிக்குத் தேவை தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் 3.8 லிட்டர் கைத்தெளிப்பான். புதிதாக வாங்க வேண்டும், பூச்சிமருந்து பட்டது கூடவே கூடாது. தெளிக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, அதன் ரப்பர் குழல் நுனியில் கலனின் தலையில் இருக்கும் அதே வகை வால்வைப் பொருத்திக் கிளிப்பால் இறுக்க வேண்டும். பியர்க்குழலின் கப்ளிங், அதாவது குழலைக் கலனோடு மாட்டும் இணைப்பு, அந்த வால்வின் மேல் உட்கார்ந்தால்தான் திறக்கும், வெறும் குழல் முனையில் திறக்காது. பாகங்கள் எஃகாக இருக்கட்டும். அலுமினியம் எங்கும் வேண்டாம். எரிசோடா அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும்.

முதலில் வெதுவெதுப்பான நீரை அடித்துக் குழலில் நின்ற பியரைக் கழுவித் தள்ள வேண்டும். பிறகு காரத் துலக்குநீர்: 1 லிட்டர் நீருக்கு 20 கிராம் எரிசோடா, ஏறக்குறைய 2 சதவீதம். நீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் நீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. குழாய் வாயில் துலக்குநீர் வரும் வரை அடித்து, மூடி, 20 நிமிடம் ஊற விட்டு, நடுநடுவே கொஞ்சம் புதிதாகத் தள்ளிவிட வேண்டும். மீன்தொட்டிப் பம்பை வாளியில் போட்டுச் சுழல விடுகிறவர்களும் உண்டு. இவ்வளவு மெல்லிய குழலில் சின்னப் பம்பால் வேகமாக ஓட்ட முடியாது என்பதால் நான் ஊற விடுவதையே நம்புகிறேன். கடைசியில் அலசல். வெளியே வரும் நீரும் சமையலறைக் குழாய் நீரும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் ஒரே நிறம் காட்டும் வரை நிறுத்தக் கூடாது. கப்ளிங்கைக் கழற்றுமுன் டப்பாவின் அழுத்தத்தை இறக்க வேண்டும். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

அமிலத் துலக்குநீரை அதே நாளில் காரத்தோடு கலக்க விடாமல், நன்றாக அலசிய குழலில் தனியாக ஓட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர், குளோரின் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். அமெரிக்காவில் பியர் செய்வோர் சங்கமான புரூயர்ஸ் அசோசியேஷன் கடைகளுக்குச் சொல்லும் கணக்கு, 2 வாரத்துக்கு ஒருமுறை காரம், 3 மாதத்துக்கு ஒருமுறை அமிலம். வீட்டில் நான் கலன் மாற்றும்போதெல்லாம் காரம் போடுகிறேன்.

அந்த வெள்ளைப் படலத்துக்கு 'பியர்க்கல்' என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். சிறுநீரகக் கல்லும் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்தான் என்பதால் அது பொருளோடு ஒட்டுகிறது. இருந்தாலும் கல் என்றால் உருண்டு திரண்ட ஒன்று மனதில் வருகிறது. இது பூச்சுப் போலப் படிவது. பல்லில் படிவதைப் பற்காரை என்கிறோம் இல்லையா, அந்த வழியில் 'குழற்காரை' என்று வைத்தால் எப்படி? பால் கறக்கும் இயந்திரத்தின் குழல்களில் படியும் சுண்ணாம்புப் படிவுக்கும், சொட்டுநீர்ப் பாசனக் குழல்களில் பூக்கும் உப்புக்கும் அதே சொல் பொருந்தும். நம் ஊரில் சொட்டுநீர் போட்டவர்கள் அமிலம் விட்டுத்தான் அதை எடுக்கிறார்கள். அவர்களுக்கும் குழல் துலக்கியும் துலக்குநீரும் அப்படியே உதவும்.

இதோடு, வீட்டில் பியர் செய்வதே சட்டவிரோதம், அதற்கு எதற்குக் கலைச்சொல் என்று கேட்டவருக்கு: தமிழ்நாட்டில் சட்டம் இடம் தரவில்லை என்பது உண்மை. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுத் தேவைக்குச் செய்துகொள்ள வழிவிட்டது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் இருக்கும் வீட்டுக்கு 200. மாநிலங்களில் கடைசியாக 2013-ல் அலபாமாவும் மிசிசிப்பியும் இறங்கி வந்தன. தமிழர் இருக்கும் இடமெல்லாம் தமிழுக்கு வேலை இருக்கிறது. வீட்டில் பியர் செய்வதற்கு அதே மடலில் இருந்த 'வீட்டு வடிப்பு' மட்டும் வேண்டாம். பியரை யாரும் வடிப்பதில்லை, வடித்தால் அது சாராயம். 'ஊறல்' என்றாலோ போலீஸ் அழித்த செய்திதான் நினைவுக்கு வரும். பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி' என்று வருகிறது. வீட்டில் ஆக்கியது என்பதற்கு 'இல்லடு' என்று சங்க காலச் சொல் கையில் இருக்க, 'இல்லடு பியர்' என்றே சொல்லலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கலனின் தலையில் நிற்கும் அந்த வால்வுத் தண்டு. 'முளை' என்று எழுத நினைத்தேன், கைக்கு வந்தும் விட்டது. ஆனால் பியர் செய்கிறவருக்கு முளை என்றால் முளைகட்டிய பார்லி. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் வம்பு. அதைப் பிடித்துக்கொள்ளும் கப்ளிங்குக்குக் 'கவ்வி' சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அது கவ்விப் பிடிக்கும் தண்டுக்கு? மூக்கு, குமிழ், காம்பு என்று தாளில் எழுதி எழுதி அடித்திருக்கிறேன். பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், சொட்டுநீர் மாட்டுகிறவர்கள் இதற்குப் புழக்கத்தில் ஒரு சொல் வைத்திருந்தால் தெரிவியுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

டப்பாவில் புதிதாகத் தாள் ஒட்டிவிட்டேன்: 'குழல் துலக்கி. அழுத்தம் இறக்கிய பிறகே தொடவும்.' பாட்டில்கள் இரண்டிலும் தனித்தனியே பெயர் எழுதியாயிற்று. அப்பா மார்ச்சில் மறுபடி வருகிறார்.

அன்புடன்,
மில்வாக்கியிலிருந்து