தொப்பியில் குத்தும் யானைக்கு என்ன பெயர்?

காரைக்குடி டீச்சர், திங்கள் இரவு 9:10

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை ஒரு கண்காட்சி. சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் தங்கள் பழைய பேட்ஜ், பெல்ட், தோளில் மாட்டும் லேன்யார்டு கயிறு எல்லாவற்றையும் இரவல் கொடுத்திருக்கிறார்கள். என்.சி.சி. பிள்ளைகள் மேசை போட்டு அடுக்கிவிட்டார்கள். விளக்க அட்டைதான் பாக்கி. அட்டை முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள்கூட ஆங்கிலம் கூடாது என்பது தலைமையாசிரியர் உத்தரவு. புதன் இரவுக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

எனக்கு வேண்டியவை: தொப்பியில் குத்துகிற ரெஜிமெண்ட் பேட்ஜ், தோளில் பித்தளை எழுத்தாக இருப்பது, சட்டைக் கையில் தைக்கிற டிவிஷன் குறி, பதவியைக் காட்டும் பட்டியும் நட்சத்திரமும், ஜனாதிபதி வழங்கும் கொடி. மேலே எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தலைப்பு. நான் எல்லா இடத்திலும் 'சின்னம்' என்றே எழுதிவைத்தேன். படித்துப் பார்த்த ஒரு மாணவி, "மிஸ், இது எந்தக் கட்சி?" என்றாள்.


தேவகோட்டைப் புலவர், திங்கள் இரவு 10:25

டீச்சர், சொல்லைத் தேடி அலைய வேண்டாம். தொல்காப்பியர் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். புறத்திணையியலில், "வேந்திடை தெரிதல் வேண்டி ஏந்துபுகழ்ப் போந்தை வேம்பே ஆரென வரூஉம் மாபெருந் தானையர் மலைந்த பூவும்" என்கிறார். சேரன் படைக்குப் பனை, பாண்டியன் படைக்கு வேம்பு, சோழன் படைக்கு ஆத்தி. அழகுக்காகவா சூடினார்கள்? "வேந்திடை தெரிதல் வேண்டி." அடிதடிக்கு நடுவே இவன் எந்த வேந்தன் ஆள் என்று தெரிந்தாக வேண்டும். உங்கள் கண்காட்சி முழுவதும் இந்த மூன்று சொல்லில் அடக்கம்.

புறநானூற்றின் கடவுள் வாழ்த்து, "கண்ணி கார்நறுங் கொன்றை, காமர் வண்ண மார்பின் தாருங் கொன்றை" என்று தொடங்குகிறது. தலையில் சூடினால் கண்ணி, மார்பில் கிடந்தால் தார். ஆகவே தொப்பியில் குத்துவது படைக்கண்ணி. பூவை இரண்டிரண்டாக இணைத்துத் தொடுப்பதால் அது கண்ணி. இரண்டிரண்டு அடியாக வரும் பாட்டும் கண்ணி, தாயுமானவரின் பராபரக்கண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். கண், கணு, கண்ணி, கணை என்று இந்த வேர் போகிற தூரம் கொஞ்சமல்ல. நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், காலையில் அனுப்புகிறேன்.


கல்லல் ஹவில்தார், செவ்வாய் காலை 5:50

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நாலு பக்கத்தையும் அனுப்புங்க, படிக்கிறேன். ஆனா படைக்கண்ணின்னு அட்டை வச்சா நாங்க ஒருத்தரும் அந்த மேசைப் பக்கம் வரமாட்டோம். எங்களுக்குக் கண்ணின்னா தரையில புதைக்கிறது.

டீச்சர், அஞ்சையும் ஒரே பேர்ல கூப்பிடாதீங்க. தொப்பியில இருக்கிறது ரெஜிமெண்டோடது. சேர்ந்த நாள்லேருந்து பென்ஷன் வரைக்கும் மாறாது. டிவிஷன்ங்கிறது பல பட்டாலியன் சேந்த பெரிய அணி, அதோட குறி அப்படியில்ல. பட்டாலியனை வேற டிவிஷனுக்கு அனுப்பினா பழசப் பிரிச்சிட்டுப் புதுசத் தைக்கணும். 4-வது டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 17-வதுக்குக் கறுப்புப் பூனை. பதவிப் பட்டி ஏறும், தப்புப் பண்ணினா இறங்கும். தோள்ல இருக்கிற எழுத்து எங்க மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு 'மெட்ராஸ்'. 1969-ல மாநிலம் பேரு மாத்துச்சு, 1996-ல பட்டணமும் மாத்திக்கிச்சு. எங்க தோள்ல இன்னிக்கும் மெட்ராஸ்தான்.

கொடி தனி. கசம் பரேடுல அதுக்கு முன்னால நின்னுதான் சத்தியம் செய்யிறோம். பீரங்கிப் படைக்குக் கொடி கிடையாது, பீரங்கிதான் அவங்களுக்குக் கொடி. எல்லாத்தையும் ஒரே மேசையில பரப்பியிருக்கீங்களாம், பிள்ளைக போட்டோ அனுப்பிச்சு. கொடிப் படத்தைத் தனியா, கொஞ்சம் ஒசரத்துல வைங்க.


சிங்கப்பூர் கண்டனூரான், செவ்வாய் காலை 8:15

'பேட்ஜ்' தமிழ்ச்சொல்தான் ஐயா. கண்டனூர்ச் சந்தையில் கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் தெரியும். புரிகிற சொல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஆள் நின்று விளக்க வேண்டிய சொல்லை அட்டையில் எழுதினால், அப்புறம் அந்த அட்டை எதற்கு?

இன்னொரு சந்தேகம். கடற்படைக் கொடியிலிருந்த சிலுவைக் கோட்டை 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி நீக்கி, சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணம் வைத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் தொப்பி யானையோ, 1803-ல் ஆங்கிலத் தளபதி வெல்லெஸ்லிக்காக மராட்டியரோடு அஸ்ஸாயேயில் சண்டை போட்டதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பரிசு. அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அட்டையில் இதையும் எழுதுவீர்களா?


பள்ளத்தூர் ஆச்சி, செவ்வாய் காலை 11:40

தோளில் இருக்கிற பித்தளை எழுத்துக்கு நான் சொல்கிறேன். விலாசம். எங்கள் பக்கத்தில் விலாசம் என்றால் வீட்டுப் பெயரெழுத்து. அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும் அதை வெட்டாத சாமான் கிடையாது. கல்யாணத்துக்கு இரவல் போனாலும் வீடு மாறாமல் திரும்பி வரும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் கடைக்குப் போட்டதும் அதே எழுத்துதான். ஆள் மாறும், முதலாளிகூட மாறுவார், விலாசம் அப்படியே நிற்கும். ஹவில்தார் சொன்ன மெட்ராஸ் அந்த வகை.

அவர் சொன்ன மற்ற வித்தியாசமும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. எங்கள் நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது. இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர் என்று ஒரு கோயிலுக்குப் புள்ளி, அதாவது கணக்கில் சேர்ந்த குடும்பம், ஆகிவிட்டால் ஆயுசுக்கும் அதுதான். வட்டகை வேறு கணக்கு, அது இருக்கிற பக்கத்தைச் சொல்வது. தொப்பி பேட்ஜ் கோயில், டிவிஷன் குறி வட்டகை. இப்படிச் சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமே வேண்டாம்.

புலவர் ஐயா, தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரோடு போடுவதா, வாழையா என்று கேட்பார்கள்.


தேவகோட்டைப் புலவர், செவ்வாய் பிற்பகல் 3:05

ஆச்சி சொன்ன பொருள் அருமை. சொல் வடசொல். 'சின்னம்' சிஹ்நத்தின் சிதைவு. 'இலச்சினை' என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அது லாஞ்சனத்தின் மரூஉ. 'முத்திரை'யும் அங்கிருந்து வந்ததுதான். இந்தக் காரைக்குடியில் தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டி வைத்திருக்கிறோம். அதற்குப் பக்கத்துப் பள்ளிக்கூட அட்டையில் தமிழ்ச்சொல் ஒன்றாவது இருக்கக் கூடாதா?

கண்ணி வேண்டாம் என்றால் 'பொறி' இருக்கிறது. புகாரில் ஏற்றுமதி மூட்டைகளின்மேல் சோழன் ஆட்கள் "புலி பொறித்துப் புறம் போக்கி"யதைப் பட்டினப்பாலை சொல்கிறது. படைப்பொறி என்று வையுங்கள்.

தம்பி அஸ்ஸாயேயைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். உறையூரை நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டிருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். கோவூர்கிழார் நடுவில் நின்று பாடுகிறார். எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன். "நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே, நின்னொடு பொருவோன் கண்ணியும் ஆர்மிடைந் தன்றே." இரண்டு பேர் தலையிலும் ஆத்தி! யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அஸ்ஸாயேயிலும் கம்பெனிச் சிப்பாய்க்கு எதிரே மராட்டியத் தலைவன் சிந்தியாவின் சிப்பாய்தான் நின்றான். அவனுக்கும் ஐரோப்பியன்தான் பயிற்சி கொடுத்திருந்தான்.


சிங்கப்பூர் கண்டனூரான், செவ்வாய் மாலை 4:30

கண்ணி, பொறி. ஒன்று பறவைக்கு, ஒன்று எலிக்கு. ஐயா யாரையோ பிடிக்காமல் விடமாட்டார் போலிருக்கிறது.

கோவூர்கிழார் பாட்டுக்கு நன்றி, எனக்குத் தெரியாது. ரோமானியர் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. கி.பி. 9-ல் ஜெர்மானியக் காட்டில் அவர்களுடைய 3 படையணிகள் அழிந்தன. கூடவே அந்தப் படையணிகளின் கழுகுகளும் எதிரி கைக்குப் போயின. அவற்றை மீட்பதற்கென்று வருடக்கணக்கில் அலைந்தார்கள். போன ஆட்கள் திரும்பப் போவதில்லை. கழுகாவது வர வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். உலோகத் துண்டுதானே என்று என்னால் இனிப் பேச முடியாது. பேட்ஜை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


கல்லல் ஹவில்தார், செவ்வாய் இரவு 8:20

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருந்தா சரியா இருக்காது. 1950-ல கிரீடத்த எடுத்தாச்சு, அந்த இடத்துல அசோகச் சிங்கம் வந்தாச்சு. ராஜா பேருல இருந்த கொடிகள அந்த வருசம் நவம்பர் 23-ல டேராடூன் ராணுவ அகாடமி மண்டபத்துல கொண்டுபோய் மரியாதையா வச்சிட்டாங்க. கொளுத்தல, குப்பையில போடல. யானை மட்டும் தங்கிருச்சு. கிரீடம் ராஜாவோடது. யானை அன்னிக்குச் செத்த சிப்பாயோடது. கம்பெனி கொடுத்துச்சுங்கிறது நெசம், யாரு மறுத்தா? ஆனா 1803-க்கப்புறம் அந்த யானைய வச்சுக்கிட்டு எத்தனை பேரு செத்திருக்கான். கொடுத்தவன் கணக்க மட்டும் பாத்தா எப்படி?

இப்ப புதுசா ஒண்ணு. 2023 ஆகஸ்ட் 1-லேருந்து பிரிகேடியரும் அதுக்கு மேல உள்ளவங்களும் எந்த ரெஜிமெண்டா இருந்தாலும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே பெல்ட், ஒரே ஷூ. லேன்யார்டு கிடையாது. கர்னல் வரைக்கும் பழையபடிதான். மேல போனா எல்லா ரெஜிமெண்ட் ஆளையும் நடத்தணும், அங்க போயி என் யானை, உன் குக்ரிக் கத்தின்னு பாக்கக் கூடாதுங்கிறாங்க. நாயந்தான். ஆனா முப்பது வருசம் தேச்சுத் தேச்சு வச்சிருந்தத ஒரு நாள் காலையில கழட்டிப் பெட்டியில போடுற ஆபீசருக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்கிறத வேலைன்னு வெளியில உள்ளவங்க நெனைக்கிறாங்க. தினம் காலையில அத கையில எடுக்கிறோம் பாருங்க, அதுலதான் மனசுல ஏறுது. புத்தகத்தப் படிச்சு ரெஜிமெண்ட் யாருக்கும் ஒட்டினதில்ல. பிள்ளைகளத் தொடக் கூடாதுன்னு கண்ணாடி போட்டு மூடிறாதீங்க டீச்சர். ஒண்ணையாவது கையில கொடுங்க, துணியும் பிராசோவும் நான் கொண்டாரேன்.

பேரு எது வச்சாலும் சரி. எங்க போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு." அது தமிழா மலையாளமான்னு ரெண்டு மாநிலத்தானும் பாரக்ஸ்ல அடிச்சுக்குவான். கத்தும்போது எல்லாரும் சேந்துதான் கத்துவோம்.


பள்ளத்தூர் ஆச்சி, செவ்வாய் இரவு 9:00

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. விலாசத்துக்கு என் ஓட்டு. மற்றதை டீச்சர் முடிவு செய்யட்டும்.


காரைக்குடி டீச்சர், புதன் மாலை 6:45

அச்சகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்படி முடித்துவிட்டேன்.

தலைப்பு: படை அடையாளங்கள். தொப்பியில் இருப்பது 'படை இலச்சினை'. மரூஉ என்றாலும் அரசு இலச்சினை என்று பாடப் புத்தகத்திலேயே பிள்ளைகளுக்குப் பழக்கமான சொல், கட்சிக் குழப்பமும் வராது. தோளில் 'படை விலாசம்'. அந்த அட்டையில் அண்டாவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சட்டைக் கையில் 'அணிக்குறி', தோளிலும் கையிலும் பதவியைக் காட்டுவது 'பதவிக்குறி'. கொடி கொடிதான், தனி மேசைக்கு மாற்றியாயிற்று. இலச்சினை, அணிக்குறி இரண்டு அட்டைக்கும் கோயில், வட்டகை விளக்கத்தையே போட்டுவிட்டேன். ஆச்சி, உங்கள் பேர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யானை அட்டையில் அஸ்ஸாயே, 1803, எதிரில் யார், கொடுத்தது யார் எல்லாம் இருக்கிறது. கண்ணாடியும் போடவில்லை. ஹவில்தார் அண்ணே, காலை 9 மணிக்கு வந்துவிடுங்கள்.

புலவர் ஐயா, நுழைவாயில் பேனரில் பெரிய எழுத்தில் "வேந்திடை தெரிதல் வேண்டி". கீழே தொல்காப்பியம் என்று.


சிங்கப்பூர் கண்டனூரான், புதன் மாலை 6:58

இலச்சினைக்குச் சம்மதம், வேண்டாவெறுப்பாக. வருகிறவர்கள் 'பேட்ஜ்' என்றுதான் சொல்லப்போகிறார்கள், பாருங்கள்.


தேவகோட்டைப் புலவர், புதன் இரவு 7:30

பேனருக்கு மகிழ்ச்சி. இலச்சினையை நான் ஏற்கவில்லை என்பது குழுவின் பதிவில் இருக்கட்டும். பெரும்பான்மை என்பது களைத்துப் போனவர்களின் எண்ணிக்கை. படைக்கண்ணி என்ற சொல்லை வெடிக்குப் பயந்து கைவிட்டீர்கள். கண்ணிவெடி நேற்று வந்தது, கண்ணி சங்கத்தில் இருந்தது. அந்த நான்கு பக்கத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

அட்டை முழுக்கத் தமிழ் என்றீர்களே, 'ரெஜிமெண்ட்' என்பதற்கு என்ன எழுதினீர்கள்?


காரைக்குடி டீச்சர், புதன் இரவு 7:34

ரெஜிமெண்ட் என்றுதான் ஐயா.